வெள்ளை வேட்டிக்கு முன்னால் அக்கா

திண்டிவனம்,
புதன்கிழமை.

அன்புத் தம்பி சீனுவாசனுக்கு அண்ணன் ராஜாங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே காணையில் நீயும் இளவரசியும் பிள்ளைகளும் கரும்பும் சுகமாக இருக்க மேல்மலையனூர் அங்காளம்மன் துணை செய்யட்டும். முக்கியமாக, அக்கா கோவிந்தம்மாள் நலம். குண்டுக்கல்லாட்டம் நலம். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீதான் என் நம்பரை உன் போனில் பிளாக் பண்ணி வைத்திருக்கிறாயே, அதனால் தபால்காரரை நம்ப வேண்டியதாகிவிட்டது.

நேற்று நீ அக்கா மகள் அன்புச்செல்விக்குப் போன் போட்டு, "எங்கக்காவுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று ஓவென்று அழுதாயாம். அவள் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் நீ பேசிய முதல் பேச்சே அழுகைதான். ஞாயிற்றுக்கிழமை கரும்பு வெட்டு வேலையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொல்லி, அவள் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாயாம். திரும்ப அடித்தால் நீ எடுக்கவே இல்லையாம். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நான் போட்டோ படிக்கப் போனதால் வந்த வினை.

ஆமாம், படிக்கிறேன். சிரிக்காதே. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்குச் சாயந்திரமானால் கை பரபரவென்கிறது. தெருவில் போகிற ஷேர் ஆட்டோவை எல்லாம் நிறுத்தி ஏன் லேட்டு என்று கேட்கிறேன் என்று உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டு, மருமகன் விட்டுப்போன கேமராவைக் கையில் திணித்து மாலை வகுப்பில் தள்ளிவிட்டாள். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் வகுப்பு. டீச்சர் கலைப்பிரியாவுக்கு என் மகள் வயது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் கல்யாண வீட்டில் ட்ரோன் விடத் துடிக்கிற பையன்கள். வகுப்பு ஆறு மணிக்கு, அந்த மகாராஜாக்கள் ஆறரைக்கு வருவார்கள். முதல் வாரம் நான் வாசலில் நின்று ஒவ்வொருவனையும் நேரம் கேட்டு உள்ளே விட்டதில், "அங்கிள், நீங்களும் ஸ்டூடண்டுதான், உள்ள வந்து உக்காருங்க" என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது.

ஒருநாள் ஷட்டர் பாடம் நடந்தது. கேமராவின் கண் மெதுவாக மூடினால் அசைகிற ஆள் கலங்கலாக விழுவார் என்று கலைப்பிரியா சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. மல்லாட்டைக் கடலையை விற்ற கையோடு அப்பா நம் மூவரையும் திண்டிவனத்துக்கு அழைத்து வந்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்தாரே, நம் சின்ன வயசுக்கு இருக்கிற ஒரே படம், அதை நினைத்துப் பார். பின்னால் துணியில் வரைந்த ஏரி, ஏரியில் அன்னம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஆளைப் பார்த்து, அவருக்குத் தலை போய்விட்டது என்று நீ வீறிட்டாய். அக்கா உன் பக்கம் திரும்பி, "அழாதடா, நான் கீறேன்ல" என்றாள். நீ அடங்கினாய். படத்தில் நீ தெளிவு, நான் விறைப்பு, அக்காவின் முகம் மட்டும் மாவு கரைத்த மாதிரி. இத்தனை வருடமும் அதை ஸ்டூடியோக்காரரின் கைக்கோளாறு என்றே நினைத்திருந்தேன். உன்னைப் பார்க்கத் திரும்பியதில்தான் அக்கா தன் முகத்தை விட்டிருக்கிறாள். அன்றைக்கு வகுப்பு முடிந்து கீழே இறங்கி மேம்பாலத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அப்பா வாங்கிக் கொடுத்த பன்னும், திரும்பும்போது பஸ்ஸில் நாம் அக்கா மடியில் ஆளுக்கொரு பக்கம் தூங்கியதும் ஞாபகம் வந்துவிட்டன.

அடுத்த வீட்டுப்பாடம், வயதானவர் ஒருவரைத் தனியாக எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவருவது. பின்னால் வேறெதுவும் தெரியக் கூடாது, சிரிக்க வைக்கவும் கூடாது. வேறு யாரை எடுப்பேன்? ஒலக்கூர் பக்கம் பஸ் பிடித்தேன். அக்கா வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்ததால் ஆணியடித்து என் வெள்ளை வேட்டியைக் கட்டினேன். அக்காவை நல்ல சேலை கட்டி, தலையைப் படிய வாரி, நாற்காலியில் நேராக உட்காரச் சொன்னேன். என் புத்தி மேயப் போயிருந்த நேரம் அதுதான். நம் ஊரில் வயசானவர்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் தனியாக உட்காரவைத்து எப்போது படம் எடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அப்பாவை அப்படித்தான் எடுத்தோம். அடுத்த மாதமே அதற்கு மாலை போட்டு, சீரியல் பல்பு மாட்டினோம்.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் முறத்தோடு வந்து நின்றாள். "இன்னாண்ணே, அக்காவ மட்டும் தனியா புடிச்சிக்கினு கீறீங்க?" என்றாள். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்தாவணும்னு மேடம் சொல்லிட்டாங்கம்மா" என்றேன். எந்த மேடம், டாக்டரா டீச்சரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் இன்னும் ரெண்டு படம் எடுக்கலாம் என்று போனால் அக்கா வாசலில் கூட்டமான கூட்டம். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ரொட்டி, இளநீர். பந்தல் போடுகிற ஆனந்தராஜ் தெருவைக் காலால் அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லண்ணே, வண்டி திரும்புமான்னு சும்மா பாத்தேன்" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் கொல்லைக்காட்டிலிருந்து தலையில் மல்லாட்டைக் கூடையோடு அக்கா வந்தாள். கூட்டம் ஓவென்று அழுதது. "இந்த நெலமைலயும் வேல செஞ்சிக்கினு கீதே, புண்ணியவதி!" என்றாள் கிளியம்மாள். அக்கா கூடையை இறக்கி இடுப்பில் கையை வைத்தாள். "எவடி செத்தது? கொண்டாந்தத உள்ள வெச்சிட்டு வந்து செடி புடுங்குங்க. ஆள் கெடைக்காம பேஜாரா கீது" என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சாயந்திரம் வரை மல்லாட்டை பிடுங்கினார்கள். கொல்லை முடிந்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் செய்தியைக் காணைக்குச் சொல்லிவிட்டான்.

படத்தை நேற்றே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். கெடு தேதி வரை காத்திருக்கிற ஆளா நான்? கலைப்பிரியா பெரிதாக்கிப் பார்த்து, "முகம் சூப்பர் அங்கிள். ஆனா கண்ணு கேமராவப் பாக்கலியே, தெருவப் பாக்குதே" என்று மார்க்கைக் குறைத்தாள். காரணம் எனக்குத் தெரியும். நான் பட்டனை அழுத்துகிற நேரம் தெருவில் ஒரு புல்லட் போனது. உன் வண்டியும் புல்லட்தானே, அதே சத்தம். அன்புச்செல்வி கல்யாணத்தில் நீ பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற நேரம் பார்த்துக் குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். ஆல்பத்தில் உன் பங்குக்கு ஒரு கையும் வாளியும்தான் இருந்தன. "தாய்மாமன் இல்லாம ஒரு போட்டோவா?" என்று ஆல்பத்தை வீசிவிட்டுப் போனவன் நீ, இன்றுவரை அக்கா வாசலை மிதிக்கவில்லை, சமாதானம் பேசிய என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாய். அன்றிலிருந்து புல்லட் சத்தம் கேட்டால் அக்கா திரும்பிப் பார்க்கிறாள். மார்க் போனதில் எனக்கு வருத்தமில்லை தம்பி, அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அது வேறு விஷயம். தப்பான தகவலில் ஒரு ஆளைப் பயணம் கிளப்ப என் உத்தியோக புத்தி இடம் தரவில்லை. இல்லாத பஸ்ஸுக்கு நான் யாரையும் காக்க வைத்ததில்லை. எனவே அக்கா நலம், நீ பதற வேண்டாம், கரும்பு வெட்டைப் பாதியில் விட வேண்டாம். உண்மை தெரிந்த பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

இளவரசிக்கு என் விசாரிப்பும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். உன் கரும்பு நல்ல எடை காணட்டும், உன் கோபம் எடை குறையட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ராஜாங்கம்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, புது மல்லாட்டை கொடுத்துவிட்டுப் போக அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். யாருக்குடா லெட்டர் என்றாள். படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "இன்னாத்துக்குடா நான் நல்லா கீறேன்னு எழுதின? இத்தினி வருசமா நல்லாத்தானே கீறேன், வந்தானா?" என்றாள். மூடி வைத்த பேனாவைத் திரும்பத் திறந்தேன்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது. ஜல்தி வா.