ரெம்பியா மண்டபத்துக் கழிவறை குறித்து மாப்பிள்ளைக்கு அறிவிப்பது

ரெம்பியா,
05.08.2024, திங்கட்கிழமை, காலை 9.40 மணி.

கடித எண் 3
பொருள்: மண்டபத்துக் கழிவறை சீரானது, திருமணத்தை இடம் மாற்ற வேண்டாம் என்பது.

அன்பிற்குரிய மாப்பிள்ளை சேகரன் அவர்களுக்கு மைத்துனன் ரங்கசாமி எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். புக்கிட் பெருவாங்கில் தாங்களும் நலமே என்பதை, 21.07.2024 அன்று தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்ட குரலின் வலிமையிலிருந்து அறிந்தேன்.

"மச்சான், புது டாய்லெட்டு தெறந்த அன்னிக்கே கொளமாயிடுச்சாமே? சம்பந்தி வீட்டுலேர்ந்து எறநூறு பேரு வர்றாங்க. பதினஞ்சு நாளு டைம். இல்லன்னா டவுன்ல ஹோட்டல் எடுத்திடுவேன்" என்றீர்கள். அந்தக் கெடு இன்றோடு முடிகிறது. தாய்மாமன் பேசி முடித்த மண்டபத்தை விட்டு, தங்கள் மகள் திவ்யதர்ஷினியின் கல்யாணம் ஹோட்டலில் நடந்தால், மாலை எடுத்துக் கொடுக்க நான் எந்த முகத்தோடு வருவேன்?

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பொதுப்பணித் துறையில் முப்பத்தோராண்டு வரைபடம் வரைந்தவன் என்பதால், கோவில் மண்டபத்தின் புதுக் கழிவறையை வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. 12.03.2024 அன்று முடித்தேன். கோவில் தலைவர் தர்மேந்திரன் பார்த்துவிட்டு, வாசல் சந்நிதியை நோக்கியிருக்கிறதே என்றார். நியாயந்தான். அங்கேயே ரப்பரை எடுத்து அழித்து, வாசலைப் பின்சுவருக்கு மாற்றினேன். ஆனால் தரையைப் பின்சுவரை நோக்கியே சாய்த்திருந்ததை மறந்தேன். வடிகால் இருக்க வேண்டிய இடத்தில் வாசற்படி வந்து உட்கார்ந்துகொண்டது.

14.07.2024 ஞாயிறு, காலை 10.15க்குத் திறப்பு விழா. குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, தலைவர் உரையும் ஆன பிறகு, கூட்டம் முழுவதும் வாசலையே பார்த்து நின்றது. முதலில் போவது யார்? இத்தனை பேர் கைதட்டக் காத்திருக்கும்போது யாருக்குத்தான் வரும்? எனக்கு எழுபத்து மூன்று வயது; வந்தது. போனேன். கைதட்டினார்கள், உள்ளேயே கேட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், கோவிலுக்கு வந்தவர்களாதலால் எல்லாரும் வெறுங்காலோடு. அரை மணியில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஹோட்டல்போல் பளபளக்கட்டுமே என்று நான் தேர்ந்தெடுத்த தளக்கல்லில் தலைவர் வழுக்கி, போட்ட மாலையோடு உட்கார்ந்தார்.

அப்போது கமலவேணி வந்தார். பதினொரு ஆண்டுகளாக மண்டபத்தைக் கழுவிச் சுத்தம் செய்கிறவர். ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினார். அது நேராக என் காலுக்கு வந்தது.

"பாத்தீங்களாண்ணே? இத்தன மாசமா படம் போட்டீங்களே, கழுவுறவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? வாளி ரொப்ப குழா இல்ல. தொடப்பம் வைக்க எடமில்ல. ஜன்னல எட்டடி ஒசரத்துல வச்சிருக்கீங்க, அத யாரு தொடைப்பா, பல்லி தொடைக்குமா? எனக்கு வேணாம்லா இந்த வேல!"

போய்விட்டார். அடுத்த ஞாயிறுதான் தாங்கள் அழைத்தீர்கள். மறுநாளே வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, சிம்பாங் அம்பாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை, என் வரைபடத்தில் பிறர் பென்சில் வைக்க நான் விட்டதேயில்லை. கமலவேணி பென்சில்கூட வைக்கவில்லை, மீன் கழுவிய விரலையே வைத்தார். தரை இப்படிச் சரியணும், கல்லு சொரசொரன்னு இருக்கணும், கதவுக்கு அடியில ஒரு சாண் விடணும், அப்பத்தான் வெளியில நின்னே தண்ணி பீச்ச முடியும் என்று விரல் போன இடமெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். முழங்கால் உயரத்தில் குழாய், துடைப்பத்துக்கு ஓர் அலமாரி, கைக்கெட்டும் ஜன்னல், அவர் உட்கார ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. 24.07.2024 முதல் ஒன்பது நாள் இடித்துக் கட்டினோம். வாசலில் ரப்பர்ச் செருப்பும் வைத்தோம், எல்லாம் இடது காலுக்கு மட்டும். அப்போதுதான் எவரும் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள் என்பது அவர் யோசனை. நடக்கக் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் குறையவில்லை.

நேற்று ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றினோம், நானூறு பேர். காலை ஏழு முதல் மூன்று வரை கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். தரையில் தண்ணீர் நிற்கவில்லை, வாடையில்லை, வழுக்கியவர் இல்லை. ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "ஐயா, காத்தோட்டமா நல்லாருக்கு, இன்னொரு தடவ போய்ட்டு வந்திடட்டுமா?" என்று அனுமதி கேட்டார். கமலவேணி மின்விசிறியடியில் காலை நீட்டிக்கொண்டு, "மொத தடவயாண்ணே, இடுப்பு வலிக்கல" என்றார். இரவு ஏழு மணி நேரம் தூங்கினேன் மாப்பிள்ளை, நம்புங்கள், ஒரே முறைதான் எழுந்தேன்.

ஆகவே ஹோட்டலுக்குச் சொல்லிவிட வேண்டாம். 08.09.2024 அன்று சம்பந்தி வீட்டார் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். தங்கை மலர்க்கொடிக்கு என் அன்பு. மணமக்கள் எந்தச் சபையிலும் நெளியாமல் உட்கார்ந்து நூறாண்டு வாழ அம்மன் அருளட்டும்.

இங்ஙனம்,
மைத்துனன் ரங்கசாமி

பின்குறிப்பு, காலை 10.55: சற்றுமுன் தர்மேந்திரன் அழைத்தார். இவ்வளவு அழகான கழிவறையை அழுக்காக்க மனம் வரவில்லையாம். 2026 குடமுழுக்கு வரை பூட்டி வைப்பதென்று செயற்குழு ஏகமனதாக முடிவெடுத்துவிட்டதாம். கல்யாணக்காரர்களுக்குப் பழைய தகரக் கொட்டகையே போதுமாம். கமலவேணியிடம் சொன்னேன். "அவங்க பூட்டட்டும்ணே" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

இணைப்பு:
1. திருத்திய வரைபடம், படி ஒன்று. மீன் வாடைக்கு மன்னிக்கவும்.
2. புகைப்படங்கள் நான்கு, ஆளில்லாதபோது எடுத்தவை.
3. கமலவேணி கொடுத்த சாவி ஒன்று. தாலிப்பெட்டியில் வைக்க வேண்டாம். தங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.