செல்லத்துரையின் உள்ளங்கால்

புருசனின் பேரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்தப் பேரைத் தேர்த் திருவிழாவில், கரவெட்டி முழுக்கக் கேட்க, தொண்டை கிழியக் கத்தினேன். ஊருக்குள் கார் வந்தால் சனம் பார்க்க ஓடின காலம் அது.

அவருக்குச் சலரோகம் (சீனி வருத்தம் என்றும் சொல்லுவார்கள்). கால் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. ஒருநாள் உள்ளங்காலில் காரைமுள் ஏறியிருக்க, தோட்டத்திலிருந்து சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். முள்ளை எடுத்த டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மடை மனுசன்ரை கால் இனி நோவைச் சொல்லாது. நீர்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும். வெறுங்காலோடை நடக்க விடாதையும்."

(பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத எனக்கும் அது விளங்கியது.) அன்றிலிருந்து பின்னேரத்தில் அவருடைய காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மாமி (அவருடைய அம்மா) விடுவாவா?

"என்னடி, கைரேகை போதாதெண்டு கால்ரேகையும் பார்க்கிறியோ?"

தேர் அன்று கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். செருப்போடு உள்ளே போக ஏலுமா? தேர் இழுபட மத்தியானமாகிவிட்டது. வீதி மணல் கச்சான் கடலை வறுக்கிற சட்டி மாதிரிக் கொதித்தது. சனம் எல்லாம் ஆட்டுக்குட்டிகளாகத் துள்ளுகிறது. இவர் மட்டும் கைகூப்பி, அசையாமல் நிற்கிறார்.

"பாரன், என்ன பக்தி!" என்றா பக்கத்தில் நின்ற ஒருத்தி. மாமிக்கு முகம் பூரித்தது. பக்தியாவது! கால் வேகுது, மனுசனுக்குத் தெரியவில்லை!

"இஞ்சாருங்கோ!"

கூட்டத்தில் நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள், என்னுடையவரைத் தவிர. (எல்லாப் பெண்சாதிகளும் அப்படித்தானே கூப்பிடுவது!)

பிறகு எனக்கு என்ன வந்ததோ.

"செல்லத்துரை! காலைத் தூக்கு! நிழலுக்கு ஓடு!"

மேளமே நின்றுபோனது மாதிரி இருந்தது. அவர் அரண்டடித்துக் கோயில் மடத்து நிழலுக்குள் ஓடினார். மாமி தலையில் கைவைத்தா.

"ஐயோ, என்ரை பிள்ளையை மாடு சாய்க்கிற மாதிரி விரட்டுறாளே!"

காலைத் திருப்பிப் பார்த்தேன். செக்கச்செவேல், ஒரு கொப்புளம் கிளம்பப் பார்த்தது. உடனே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தால் காலே போயிருக்கும்," என்றார் டொக்டர். அதற்குப் பிறகு விடியக்காலையில், மணல் குளிர்ந்திருக்கும்போதே அவரைக் கோயிலுக்குக் கிளப்பினது மாமிதான்.

ஆயுளும் குறையவில்லை. அதே இரண்டு காலோடும் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். பின்னேரத்தில் கால் பார்க்க "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டால், இன்றைக்கும் சொல்லுவார்:

"பேரைச் சொல்லிக் கூப்பிடப்பா. இல்லாட்டி ஊரிலை உள்ள ஆம்பிளையள் எல்லாம் காலை நீட்டிக்கொண்டு வந்திடுவாங்கள்!"