தொட்டறி ஞானியும் கல்வி ரேகையும்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, முன்பு மெத்தைக் கடையாக இருந்த கூடத்தில் ஞானி ஒருவர் வந்து அமர்ந்தார். அவ்வளவுதான். சேர்க்கை அலுவலகத்தில் ஈ ஓட்டினார்கள். இங்கே வரிசை தெருமுனை திரும்பிப் பெட்ரோல் பங்க் வரை நீண்டது. பிள்ளை என்ன படிக்கவேண்டும் என்று பிள்ளையைத் தவிர எல்லோரிடமும் கேட்டு முடித்திருந்த பெற்றோருக்கு, கேட்க இன்னும் ஓர் ஆள் கிடைத்தார்.

தொட்டறி ஞானி என்று பெயர். கறுப்புத் துணியால் கண்ணை இறுகக் கட்டிக்கொள்வார். வந்தவர் வாய் திறக்கக்கூடாது. எதிரே உட்கார்ந்து கையை மட்டும் நீட்டவேண்டும். ஞானி முகவாயை உயர்த்தி, மேலுலகத்துக்குப் போன் போடுவதுபோல் கொஞ்சம் முனகி, உள்ளங்கையைத் தடவி, கல்வி ரேகை எதுவரை ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் ஞானிகள் உண்டு. இவர் அதைக்கூடக் கேட்கவில்லை. "ஏழை பணக்காரன் எல்லாம் எனக்கு ஒண்ணுதான், அப்படியே வாங்க" என்றார். என்ன பெருந்தன்மை! கூட்டம் கண் கலங்கியது.

சமூகவியல் முதலாண்டு வகுப்பில் அப்போது விரல்விட்டு எண்ணிவிடும் கூட்டம். அதில் ஒருத்திக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் "ஒரு சந்தேகம் மேடம்" என்று கையைத் தூக்குவாள். அவள் அம்மாவுக்குப் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. அன்று சந்தேகம் கையைத் தூக்கவில்லை. வகுப்பு முடியும்வரை தலைகுனிந்திருந்துவிட்டு எழுந்தாள்.

"நாளையிலேர்ந்து வரமாட்டேன் மேடம். அம்மா கம்பெனியிலயே எனக்கும் வேலை சொல்லிட்டாங்க. கல்வி ரேகை பள்ளிக்கூடத்தோட நின்னுடுச்சாம். உழைக்கிற கையாம்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். கார் ஷோரூம் முதலாளியின் மகள், பட்டப்பெயரும் 'ஷோரூம்'தான். "எனக்குக் கடல் கடந்து போய்ப் படிப்பேன்னார்டி. நான் கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலானது ரேகையில விழலைபோல."

பேராசிரியைக்குச் சுவாரசியம் பிறந்துவிட்டது. "வேற யாரெல்லாம் போனீங்க? என்ன சொன்னார்?"

எல்லோரும் போயிருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகாரம், வெளிநாடு, வெள்ளைக் கோட்டு. மற்றவர்களுக்கு உழைப்பு, பொறுமை, திருப்தி. திருப்தி எப்போதும் இல்லாதவர்களுக்குத்தான் அருளப்படுகிறது.

"அப்போ ரேகை உண்மைதானே மேடம்?" என்றான் பின்வரிசைப் பையன். "பணக்காரங்க கையில பணக்கார ரேகை. சரியாத்தானே சொல்றார்?"

பேராசிரியை நெளிந்தார். "நானும் போனேன்ப்பா. எங்க அக்கா இழுத்துட்டுப் போயிட்டா. எனக்குப் படிப்பே ஏறாதுன்னார்."

டாக்டர் பட்டம் வாங்கியவர்! வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. சந்தேகம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை மெல்ல மேலே போனது.

"ஒரு சந்தேகம் மேடம். நீங்க மாசச் சம்பளம் வாங்கறீங்க, நிறையப் படிச்சிருக்கீங்க. எனக்கு ரெண்டும் இல்லை. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பலன் வரணும்னா, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி எதையோ அவர் பார்த்திருக்கணும்ல?"

"கண்ணைத்தான் கட்டியிருக்காரே!" என்றான் பின்வரிசைப் பையன்.

சந்தேகம் துப்பட்டாவை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஞானியைப்போல் முகவாயை உயர்த்தினாள். மூக்கின் இரண்டு பக்கமும் துணிக்கு அடியில் ஒரு சந்து. அது வழியாக நேரே தரை தெரிந்தது.

"மேடம், உங்க செருப்பு வார் அறுந்து ஊக்கு போட்டிருக்கீங்க."

பேராசிரியை சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் சந்தேகம் அம்மாவிடம் கெஞ்சினாள். "இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுடலாம்மா. அதே பலன் வந்தா நானே வேலைக்குப் போயிடறேன்." அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஷோரூமின் அப்பாவும் வந்தார். மகள் எந்த நாட்டுக்குப் போவாள் என்று கேட்கவேண்டுமாம். தோழிகள் இருவரும் கூடத்தின் பின்பக்கம் போய்க் காலணியை மாற்றிக்கொண்டது பெற்றவர்களுக்குத் தெரியாது.

முதலில் சந்தேகம் உட்கார்ந்தாள். அவள் காலில் பளபளக்கும் வெளிநாட்டு ஷூ. முகவாய் உயர்ந்தது. முனகல் வந்தது.

"ஆகா! கல்வி ரேகையா இது? ஆறு மாதிரி ஓடுது! கடல் தாண்டிப் படிக்கிற கை. இந்தப் பொண்ணைப் படிக்கவிடாம தடுக்கிறவங்க பாவிங்க!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது ஷோரூம். காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. "அடடா. பள்ளிக்கூடத்தோட நின்னுபோச்சு. பாத்திரம் தேய்ச்சாவது பொழைச்சுக்கும். திருப்தியான மனசு."

"யார் பாத்திரம்யா?" என்று எகிறினார் ஷோரூம் முதலாளி. "போன வாரம் வெளிநாடுன்னே?"

"போன தடவையும் இதே கைதாங்க ஐயா, என் பொண்ணோடது!" அம்மா முன்னால் வந்தாள். "வேலைக்கு அனுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஞானி அசரவில்லை. "ரேகை வாரத்துக்கு வாரம் மாறும் தாயே."

"சரிங்க ஐயா" என்றாள் சந்தேகம், ரொம்பப் பணிவாக. "எங்க கால்மேல ஒரு போர்வையைப் போட்டுக்கறோம். இப்ப தொட்டுச் சொல்லுங்க."

வகுப்பே கூட வந்திருந்தது. பின்வரிசைப் பையன் போர்வையை விரித்தான். ஞானி முகவாயைத் தூக்கினார், இன்னும் தூக்கினார், கழுத்து சுளுக்கும்வரை தூக்கினார். மேலுலக லைன் கிடைக்கவில்லை. "இன்னைக்குச் சக்தி தீர்ந்துபோச்சு" என்று கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தவர், கண் நன்றாகத் தெரிந்தும் வாசல் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை அவரை வழியனுப்பிவைத்தார்கள்.

திரும்பும் வழியில் அம்மா பேச்செடுத்தாள். "அவன் ஏமாத்திட்டான், சரி" என்றாள். "ஆனா உடனே நம்பிட்டேனே, அது ஏன்டி? வெளிநாடுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இவ்வளவுதான்னு அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நான் நினைச்சிட்டிருந்தேன்."

"அப்படி யாரும்மா உன்னை நினைக்கவச்சாங்க?"

அம்மா யோசித்தாள். பள்ளிக்கூட டீச்சர் ஞாபகம் வந்தார். கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். அவளைப் பெற்ற அப்பாவே வந்தார். எண்ணி முடிவதாக இல்லை. "நீயே படிச்சுட்டு வந்து சொல்லு" என்றாள்.

மெத்தைக் கடைக் கூடம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. ரொம்ப நாள் காலியாக இருக்காது. அடுத்து ஒருவர் வருவார். மூச்சைப் பிடித்தோ கம்ப்யூட்டரைத் தட்டியோ உங்கள் பிள்ளையின் எல்லையைச் சொல்வார். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். போகும்போது ஒரு சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.