ஒரே டென்ட்தான், மச்சான்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, பெரியவள், சின்னவள், எங்களோடு இருக்கும் உங்கள் அப்பா ஆகிய ஐவரும் நலம். நலமில்லாதது எங்கள் ஹால் மட்டும்தான், அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில், "என்ன மாப்ள, ஒரு டென்ட் வாங்க இத்தன நாளா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீங்கள் சிரித்தீர்கள். மறுபடி ஆரம்பித்தேன், அக்காவைக் கூப்பிட்டுவைத்துச் சிரித்தீர்கள். கடிதத்தில் நடுவில் புகுந்து சிரிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதற்குள் ஏரிக்கரைக்குப் போய், குடும்பம் மொத்தமும் ஒரே டென்டுக்குள் இரண்டு நாள் படுத்து எழுந்து வரவேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். இந்த முடிவுக்கு வீட்டில் ஆதரவு என்று பார்த்தால் உங்கள் அப்பா ஒருவர்தான். உங்கள் தங்கை, "கொசுக்கடி வாங்க அவ்வளவு தூரம் போகணுமா? இங்கயே ஜன்னலத் தொறந்து வச்சா ஆச்சு" என்றாள். சின்னவள், போனுக்கு சார்ஜ் போட ஏரியில் எங்கே வசதி என்று கேட்டாள். பெரியவளோ, "எனக்குத் தனி டென்ட்னா வரேன். இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். காரணம் உங்கள் அப்பாவின் குறட்டை. இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறட்டை என்பது நான் போட்ட வார்த்தை. பெரியவள் சொன்னது வேறு வார்த்தை, அதை நான் எழுதவில்லை. அன்றைக்கே நீங்கள் போனில், "அப்பாவ என்கிட்ட விட்டுட்டு ரெண்டு சின்ன டென்டா வாங்கிட்டுப் போங்க" என்று யோசனை சொன்னீர்கள் பாருங்கள், அது ஸ்பீக்கரில் இருந்தது. உங்கள் அப்பா போய் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன விட்டுட்டுப் போற டென்ட இன்னும் யாரும் தைக்கல" என்று சொல்லி, சாப்பிடும்போதும் ஷூவைக் கழற்றவில்லை. ஆகவே இரண்டு டென்ட் என்ற பேச்சு இத்தோடு முடிந்தது.

கடைக்கு நானும் உங்கள் தங்கையும் போனோம். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து, "இது நாலு பேர் டென்ட் சார், தாராளமா இருக்கும்" என்றார். "எந்த நாலு பேரு?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் தங்கையின் முகத்தைப் பார்த்தார். மச்சான், பிழைப்பே டைல்ஸ் ஒட்டுவதுதான் எனக்கு. ஒரு அறையின் அளவை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அந்த டென்டில் நாலு பேர் படுக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் திரும்பிப் படுக்கக் கூடாது, மூச்சைக்கூட முறை வைத்துத்தான் இழுக்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். உங்கள் தங்கையைக் கூப்பிட்டால், அவள் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு டார்ச் லைட் அலமாரிப் பக்கம் போய், என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் நின்றுகொண்டாள். அதனால் விற்பனையாளரையே உங்கள் அப்பா இடத்தில் படுக்கச் சொன்னேன். "வயசான ஆளு மாதிரி முழங்கால மடக்கிப் படுங்க" என்றேன், மடக்கினார். அந்தப் பக்கம் ஸ்டவ் பார்க்க வந்த புதுமணத் தம்பதி பாவம் நல்லவர்கள், மகள்கள் இருவருக்கும் பதிலாகப் படுத்துக் காட்டினார்கள். புது மாப்பிள்ளையின் முழங்கை என் விலாவில், விற்பனையாளரின் முழங்கால் என் வயிற்றில். மேலாளர் ஓடி வந்து குனிந்து, "சார், உள்ள என்ன நடக்குது?" என்றார். "இட நெருக்கடி" என்றேன். டென்டின் மேல் நாலு பேர் என்று போட்டால், மூட்டை முடிச்சு இல்லாத, ஒருவரோடு ஒருவர் சண்டை போடாத நாலு பேர் என்று அர்த்தம். அப்படி நாலு பேர் நம் குடும்பத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

அதன் பிறகுதான் ஹாலுக்கு வந்தேன். எங்கள் ஹால் டைல்ஸ் நானே ஒட்டியது, அதில் அளவெடுப்பது சுலபம். சோபாவைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு, மூன்று வகை டென்டின் அளவையும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று டேப் ஒட்டித் தரையில் போட்டேன். கோடு என்றால் சுவர், ஒரு இடத்தில் மட்டும் வாசல், எல்லோரும் வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். சட்டத்தை முழு மனதோடு ஏற்றவர் உங்கள் அப்பா. ஒவ்வொரு தடவையும் வாசலில் குனிந்து, வாயாலேயே 'சர்ர்' என்று ஜிப்பைத் திறந்து, உள்ளே வந்து, மறக்காமல் மூடிவிடுவார். உங்கள் தங்கையோ துடைப்பத்தோடு சுவரைப் பிளந்துகொண்டு நேராக நடக்கிறாள். "எம்மா, கதவு இந்தப் பக்கம்" என்று உங்கள் அப்பா சொன்னதற்கு, "அப்பா, நீங்களுமா?" என்றாள். தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு வந்து நின்றபோது சின்னவள், "அண்ணே, சுவத்து மேல நிக்கிறீங்க" என்றாள். அந்த மனிதர் உடனே பின்னால் நகர்ந்து, "வாசல் எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்டு, சுற்றி வந்து, குனிந்து உள்ளே வந்தார். வெளியாளுக்கு இருக்கிற ஒழுங்கு உங்கள் தங்கைக்கு இல்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்துப் பார்க்கும் ஒத்திகை வைத்தோம். நீலத்தில் சின்னவள் காலை நீட்டினால் ஏரியில்தான் நீட்ட வேண்டும். மஞ்சளில் எல்லோரும் படுக்கலாம், பைகள் வெளியே மழையில் நனையும். சிவப்பு எட்டுப் பேர் டென்ட், அதாவது நியாயமான ஐந்து பேருக்கு. வாசலோரம் உங்கள் அப்பா, அடிக்கடி எழுந்து போகிறவர் என்பதால். அடுத்து நான், உங்கள் தங்கை, சின்னவள். பெரியவள் ஒத்திகைக்கே வரவில்லை, அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். இடம் சரியாகத் தெரிய வேண்டுமே என்று, வேலைக்குப் போவதற்கு வாங்கிய அவளுடைய புதுப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் இடத்தில் படுக்கவைத்தேன். அளவுக்காகத்தான் செய்தேன். உங்கள் தங்கை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழுந்து டீ போடப் போனாள். சுவர் வழியாகத்தான் போனாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

டீ வாசனைக்குப் பெரியவள் போனை நீட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "அப்பா, இதப் பாருங்க. உள்ளயே ரூம் பிரிச்சு, நடுவுல துணி வச்சுத் தச்சிருக்கான். ஒரே டென்ட்தான கேட்டீங்க?" என்றாள். கெட்டிக்காரி, யாரைக் கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை, உங்கள் பக்கமாக இருக்கலாம். "ரூம் வேணும்னா வீட்டுலயே இருக்கே, எதுக்கு ஏரிக்கரைக்கு வரணும்?" என்றேன். "தாத்தா சத்தத்துல நான் எப்படிப்பா தூங்கறது?" "காதுல பஞ்சு வச்சுக்கோ." "பிடிவாதம் பிடிக்காதீங்கப்பா." "நான் பிடிக்கல, நீதான் பிடிக்கிற." "நான் எங்க பிடிச்சேன்?" இப்படியே டீ ஆறிப்போயிற்று. மச்சான், வெட்கத்தை விட்டு உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு என்று பார்த்துப் பார்த்து இந்த வீட்டைக் கட்டினவன் நான்தான். இப்போது சாயங்காலமானால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது, யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இனி அதிலும் ஒரு ஜோடி குறைந்துவிடும். கதவே இல்லாத இடத்தில் அவளை இரண்டு நாள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதனால் நடுவில் துணி வைத்த டென்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிவப்பையே வாங்கிவிட்டேன்.

வாங்கினால் போதுமா, மழை தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? இன்று காலை மொட்டை மாடியில் விரித்துக் கட்டினேன். குடையோடு உள்ளே உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை உங்கள் அப்பா தாமாகவே ஏற்றுக்கொண்டார். மூலைக்கு மூலை இரும்பு முளை அடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாடித் தரையும் என் கையால் ஒட்டிய டைல்ஸ், அதில் முளை அடிக்க எனக்கு மனசு வருமா? சும்மா விட்டேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, டென்ட் உங்கள் அப்பாவோடு துணி காயப்போடும் கொடிவரை நகர்ந்துபோயிற்று. உள்ளேயிருந்து அவர், "மாப்ள, கிளம்பிட்டமா?" என்று கேட்டார். உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. கீழே போய் டைல்ஸ் பசையைக் குழைத்துக்கொண்டு வந்து, நாலு மூலையிலும் கரணையால் கொஞ்சம் கொஞ்சம் அப்பினேன். அப்பியதும் பார்த்தால் ஓரங்களில் இடைவெளி தெரிகிறது. கை சும்மா இருக்குமா? சுற்றி வரப் பசை இழுத்து, அடியிலும் தாராளமாகக் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஓரத்தை ஸ்பாஞ்சால் துடைத்துச் சுத்தமாக முடித்தேன். மத்தியானம் வரை காயவிட்டுக் குழாயைத் திறந்து அடித்தேன் பாருங்கள், உங்கள் அப்பா குடையை மடக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஒரு சொட்டு இல்ல மாப்ள" என்றார். எனக்கு ரொம்பத் திருப்தி. நாளைக் காலையில் கிளப்பி, மடித்து, பையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே மச்சான், சனிக்கிழமை விடியற்காலை உங்கள் வேனைத் தவறாமல் அனுப்பிவைக்கவும். டென்ட் தயார். பயணம் உறுதி. மழை வரட்டும், கொசு வரட்டும், உங்கள் தங்கை பேசாமல் வரட்டும். பெரியவள் வரமாட்டேன் என்றால் பெட்டியோடு சேர்த்துத் தூக்கி வேனில் வைப்பதாக இருக்கிறேன். என் முடிவில் மாற்றம் கிடையாது. அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நிமிர்ந்து நின்று, நீங்கள் சிரிக்கிற மாதிரி பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் வளர ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வேன் அனுப்ப வேண்டாம். தபாலில் சேர்ப்பதற்கு முன் விடிந்துவிட்டது, டென்டைக் கிளப்பப் போனேன். வரவில்லை. நான் ஒட்டியது எதுவும் இதுவரை பெயர்ந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், அது உண்மைதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் இழுத்தேன், உங்கள் தங்கை என்னைப் பிடித்து இழுத்தாள், உங்கள் அப்பா உள்ளே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். சரி, ஓரத்தை அறுத்துவிட்டாவது ஏரிக்கரைக்குக் கொண்டுபோவது என்று பிளேடை எடுத்தேன். சத்தம் கேட்டு மேலே வந்த பெரியவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், நீங்கள் தோற்றீர்கள். அப்புறம் எழுந்து வந்து பிளேடை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வெட்டாதீங்கப்பா. லீவுக்கு வர்றப்போ எல்லாம் எனக்கு இது இங்கயே இருக்கணும்" என்றாள். கீழே போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு, குனிந்து, வாசல் வழியாக உள்ளே போய்ப் படுத்தாள். இதை நான் எழுதும்போது உங்கள் அப்பா அவளுக்குப் பக்கத்தில் படுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். "தாத்தா, பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்கிறாள், பஞ்சு கேட்கவில்லை. சின்னவளும் உங்கள் தங்கையும் பாயோடு ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை நீங்கள் நாலு பேரும் இங்கே வந்துவிடுங்கள். எட்டுப் பேர் டென்டில் ஒன்பது பேர் என்று கணக்குப் போட வேண்டாம், மூச்சை முறை வைத்து இழுத்துக்கொள்வோம். பெரியவள் குறுக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறாள், அவளை மட்டும் யாரும் நகரச் சொல்லக் கூடாது.