குட்டிப் பறவை சொன்ன சேதி

உலக நாகரிக வரலாற்றில், வம்பு பேசுவதற்கு நாற்காலி போட்டு, வருகைப் பதிவும் எடுத்த பெருமை அந்தக் குடைக் கம்பெனியையே சேரும்.

அதுவரை அங்கே வம்புக்குத் தடை. கண், காது, மூக்கு வைத்துப் பேசுகிறவர்கள் மீது 'தக்க நடவடிக்கை' பாயும் என்று மேலாளர் சுற்றறிக்கையே விட்டிருந்தார். பிறகு ஊழியர்களின் ஆங்கிலத்தை 'உயர்த்த' ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். அன்றைய பாடம், புரளி பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள். ரகசியத்தை உடைத்தால் பீன்ஸைக் கொட்டுவதாம். அரசல் புரசலாகக் காதில் விழுந்தால் திராட்சைக்கொடி வழியாகக் கேட்டதாம். சொன்ன ஆளைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா, ஒரு குட்டிப் பறவை வந்து சொன்னதாம்.

"பீன்ஸைக் கொட்டினா அப்புறம் யாரு சார் கூட்டுறது?" என்று துப்புரவுப் பணியாளர் கவலையோடு கேட்டார்.

தபால் பிரிவு அக்காவுக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷமாகத் தமிழில் செய்து திட்டு வாங்கிய காரியம், ஆங்கிலத்தில் ஒரு பாடமாகவே இருக்கிறது.

"ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க," என்றார் பயிற்சியாளர்.

அக்கா யோசித்தாள். அடுத்தவர் தலையைப் போட்டு உருட்டுவது பாவம். சொந்த வீட்டு ஆள் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் கணவர் அதே கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். எழுந்து நின்று, கிடங்குப் பொறுப்பாளர் போட்டிக் கம்பெனிக்குத் தாவப் போவதாக ஒரு குட்டிப் பறவை தன்னிடம் சொன்னதென்று ஆங்கிலத்தில் தடங்கலின்றிச் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. எல்லோரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார்கள். 'பயிற்சி' சாப்பாட்டு மேசையிலும் தொடர்ந்தது.

அக்கா கை கழுவிக்கொண்டிருந்தபோது கணவர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏம்மா, நான் வேற கம்பெனிக்குப் போறேனாமே. உனக்குத் தெரியுமா?"

"யாருங்க சொன்னது?"

"என்னமோ பறவைங்கறாங்க. சம்பளம் ரெண்டு மடங்காம். காரு வேற தர்றாங்களாம்."

காரைப் பற்றி அக்கா சொல்லவே இல்லை. என்ன நிறம் என்று கேட்க வாயெடுத்தவள், அவர் இடுப்பைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எப்போதும் அங்கே தொங்கும் கிடங்குச் சாவிக் கொத்தைக் காணோம்.

"சாவி எங்கங்க?"

"மேனேஜர் வாங்கிட்டாரு. நாளையிலேர்ந்து வர வேணாமாம். நல்லா இருங்கன்னு கைகூடக் குடுத்தாரு."

அக்கா ஈரக் கையோடு மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், அது சும்மா உதாரணத்துக்குச் சொன்னது சார். பறவையும் இல்ல, வேற கம்பெனியும் இல்ல. அத்தனையும் பொய் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். அவர் பார்வையில் உண்மையாகவே பரிவு இருந்தது.

"வீட்டுக்காரரைக் காப்பாத்தப் பேசறீங்க, புரியுது. ஆனா வகுப்புக் கதவுக்கு வெளியே நின்னு நானே என் காதால கேட்டேம்மா. ஒரு இலக்கணப் பிழை இல்ல. பொய்யை யாராவது இவ்வளவு சுத்தமான இங்கிலீஷ்ல சொல்வாங்களா?"