முழங்கையிடம் நலம் விசாரித்தவர்

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு முழங்கையிடம் நலம் விசாரிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் காது சார். முழங்கையின் சொந்தக்காரியிடம் பேசத்தான் அவருக்கு அவ்வளவாக வராது.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்த பிசியோதெரபி கிளினிக்கில் அவர் வேலை பார்த்தார். வருகிறவர்களின் மூட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் அந்தப் பெயர். கீழே மில் ஓடும்போதெல்லாம், மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் விரல்கள் லேசாக அசையும். முதல் நாள் பதற்றத்தில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கையசைத்துவிட்டேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் த்ரோபால். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகளிர் போட்டிக்கு ஓர் ஆள் குறைகிறது என்றார்கள். எனக்கு மறுக்கத் தெரியாது. பந்தைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடி, கார் நிறுத்தும் சிமெண்ட் தரையில் வலது முழங்கை அடிபட விழுந்தேன். பந்தையும் பிடிக்கவில்லை. எலும்பு நொறுங்கியிருந்தது. பிளேட் வைத்தும் சேரவில்லை. கடைசியில் மூட்டையே எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தினார்கள். இனி ஆயுளுக்கும் அந்தக் கையால் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றார் சர்ஜன். என் மகளுக்கு அப்போது ஒரு வயது, ஒன்பது கிலோ.

காது சார் என்னை “மேடம்” என்பார். என் முழங்கையை “தங்கம்” என்பார்.

“இன்னா தங்கம், இன்னிக்கி எவ்ளோ மடங்குவே?”

“நேத்து எழுபது டிகிரி சார்” என்பேன் நான்.

“உங்கள கேக்கல மேடம். அதுகிட்ட பேசிகினு கீறேன்.”

மூன்றாவது வாரம் ஒரு நாள் காதை வைத்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

“நேத்து பதினோரு மணிக்கு இது அழுதிருக்கு. இன்னாத்த தூக்கினீங்க?”

“தண்ணி பாட்டில் சார்.”

மறுபடி காதை வைத்தார். “பாட்டில் இல்லியாம்.”

இல்லைதான். முந்தின நாள் பதினோரு மணிக்கு, அடுப்படியில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுத மகளை ஒரே ஒரு நொடி தூக்கியிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கிளினிக்கிலிருந்து திரும்பிய மாலை, காது சார் கண்டுபிடித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

“கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க வேற எதத் தூக்கப் போறாங்க? குத்துமதிப்பா சொல்லிருப்பாரு” என்றார் அவர்.

“மணி எப்படித் தெரியும்?”

“அதுவா...” என்றவர், சார்ஜரைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. மதியம் மகள் தூங்க, வீடு அடங்கியிருக்கும்போது முழங்கைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். உலோக மூட்டில் அது சகஜம் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ஆனாலும் நான் அதனிடம் அனுமதி கேட்க ஆரம்பித்தேன். “தோசை திருப்பட்டுமா?” பதில் இல்லை. “வேற டாக்டரையும் பார்த்திருக்கணுமோ?” டக். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

கிளினிக்கில் எனக்கு அடுத்த முறை ஒரு கணக்கு டீச்சருடையது. ஓய்வு பெற்றவர், இரண்டு முழங்காலும் மாற்றியவர். ஒரு நாள் படிக்கட்டில் அவரிடம் என் பயத்தைச் சொன்னேன்.

“அவருக்கு எடது காது சுத்தமா கேக்காதும்மா. சின்ன வயசுலயே போயிடுச்சாம்” என்றார், பஸ் வராது என்று சொல்வதைப் போல.

என் முழங்கையில் அவர் வைப்பது எந்தக் காது என்று யோசித்துப் பார்த்தேன். இடதுதான். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. என் மகள் என்னைப் பார்த்துக் கைகளை உயர்த்துவதை நிறுத்திவிட்டாள். அப்பாவிடம் உயர்த்துவாள், வேலைக்கு வரும் அக்காவிடம் உயர்த்துவாள். நான் எதிரே நின்றால் நாற்காலியைத் தாண்டுவதுபோல என்னைத் தாண்டிப் போவாள். அம்மா தூக்க மாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாள். இப்படியே பழகிவிடுவாளோ என்று நினைத்து, காது சார் கையை மடக்கிக்கொண்டிருந்தபோதே அழுதுவிட்டேன். வலியா என்று அவர் கேட்கவில்லை.

“இது பாப்பாவ இன்னும் பாக்கலியாம். நாளைக்கி கூட்டினு வாங்க.”

மறுநாள் கூட்டிப் போனேன். அவர் மகளைத் தரைவிரிப்பில் நிறுத்தி, தன் காதைத் தொட்டுக் காட்டி, என் முழங்கையையும் காட்டினார். அவளும் காதை வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழே மில் நின்றது. எலும்புக்கூட்டின் விரல்களும் நின்றன. அவள் கண் சிமிட்டவில்லை. யாரோ எதையோ சொல்ல, கேட்டுக்கொள்கிறவள்போல “ம்” என்றாள். சற்றுப் பொறுத்து, மறுபடியும் “ம்.”

காது சாரின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“இப்ப கீழ உக்காருங்க மேடம். சுவத்துல சாஞ்சிக்குங்க. நீங்க தூக்காதீங்க, பாப்பாவே ஏறி வரும்.”

“வராது சார். என்கிட்ட வர்றதில்ல.”

“நின்னுகினே இருந்தா எப்டி வரும்? அதுக்கு இன்னா ஏணியா வச்சிக்கீறீங்க?”

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிடம் கிடையாது. மகள் என் முகத்தைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள். பிறகு என் துப்பட்டாவைப் பற்றிக்கொண்டு மடியில் ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். இடது கையால் அணைத்துக்கொண்டேன். வலது கை தானாகவே மடங்கி அவள் முதுகில் போய் அமர்ந்தது. எத்தனை டிகிரி என்று அளக்க அவர் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எலும்புக்கூட்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். ஏற்கெனவே துடைத்த விலா எலும்பையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

என் நேரம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. கணக்கு டீச்சர் கதவைத் திறந்து, “என்னோட முறை வந்தாச்சே சார்?” என்றார்.

“இருங்க டீச்சர்” என்றார் காது சார், திரும்பாமலேயே. “அவங்க மூணு பேரும் பேசிகினு கீறாங்க.”

குரல் கொஞ்சம் கரகரத்தது. மாவுத் தூசியாக இருக்கும் என்று, அவருக்காக, நானும் நம்பிக்கொண்டேன்.