இரண்டு மாடிக்கு நடுவே ஒரு கோட்டு

மக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளச் சிரமப்படுவது அரசின் மேலான கவனத்துக்கு வந்ததை அடுத்து, மக்கள் தொடர்பு வலைத்துறை நிறுவப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே செயலி போதும் என்றது இரண்டாம் மாடிப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி வேண்டும் என்றது மூன்றாம் மாடிப் பிரிவு: தும்முகிறவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஆறுதல் சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. இரு பிரிவினரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் தையல் கடை, நான்காம் மாடியில் கல்யாண மண்டபம். அன்று மாப்பிள்ளையின் கோட்டோடு லிஃப்டில் ஏறிய தையல்காரர், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். மேலே மாப்பிள்ளை பனியனோடு தவித்துக்கொண்டிருந்தார். அரை மணியில் கல்யாணம்.

"யாராவது கதவைத் திறங்களேன்!"

இரண்டாம் மாடி அதிகாரி கம்பிக் கதவு வழியாக அண்ணாந்து பார்த்தார். "வாயால சொன்னா பதிவாகாதுங்க. நம்ம செயலியில போடுங்க, எல்லாம் அதுலயே இருக்கு."

"போட்டேன் சார். பிறந்தநாள் வாழ்த்து வருது."

மூன்றாம் மாடி அம்மையார் மேலிருந்து குனிந்தார். "இதுக்குத்தான் தனித்தனியா வேணும்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். லிஃப்ட்ல மேலே போறவங்களுக்கு ஒண்ணு, கீழே வர்றவங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கோம். நீங்க எது?"

"நான் எங்கயும் போகலையே மேடம். நடுவுல நிக்கிறேன்."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. "அட, நிக்கிறவங்களுக்கு இல்லையே! இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

பயனரின் விருப்பமறிந்து செயல்படுவதே துறையின் கொள்கை. ஆகவே இருவரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து கேட்டார்கள்: "உங்களுக்கு என்னதான் வேணும்?"

"கதவு திறக்கணும் சாமி!"

விருப்பம் உடனடியாக நிறைவேற்றப்பட்டது. எல்லாச் செயலிகளிலும் அழகான கதவுப் படம் ஒன்று சேர்க்கப்பட்டது. தொட்டால் திறந்தது. உள்ளே இன்னொரு கதவு இருந்தது.

கூடவே இரு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு தையல்காரரை நேரலையில் காட்டின. ஊரே பார்த்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. கோட்டு கசங்காமல் அவர் பிடித்திருந்த அழகைப் பாராட்டி எழுதித் தள்ளினார்கள். தையல்காரர் தன் கைபேசியை எட்டிப் பார்த்தார். பிறகு தலையைச் சீவிக்கொண்டார்.

ஒருவழியாக லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, கோட்டைக் குடுங்க! அங்க மணமேடையில அவ ஒத்தையா உட்கார்ந்திருக்கா!"

"கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை. லட்சம் பேர் ஆகப்போகுது."

"லட்சமா?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். 'மாப்பிள்ளை வருவாரா?' என்று பலர் ஆவலாகக் கேட்டிருந்தார்கள். அவர் உள்ளே ஏறினார், கோட்டை மாட்டிக்கொண்டார், மெக்கானிக்கிடம் சொன்னார்: "கதவை மூடுங்க."

மண்டபத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரும் கைபேசியில் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். மணப்பெண் எழுந்தாள். "நான் போறேன்" என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொல்லிவிட்டு, படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள்.

வாயால்தான் சொன்னாள். யாருக்கும் பதிவாகவில்லை.